சரிவில் விளையும் ஒயின்: சுவிஸ் குடும்பத் தோட்டங்களில் கைவேலை ஏன் நிலைத்தது?

சாக்லேட், சீஸ், கைக்கடிகாரம் என்று சுவிட்சர்லாந்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டியலில் ஒயினுக்கு இடமில்லை. ஒயின் பழக்கம் உள்ளவர்களிடம் கேட்டாலும், "அங்கே திராட்சை விளையுமா என்ன?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

விளைகிறது, ரோமானியர் காலத்திலிருந்தே. வெளியே தெரியாததற்குக் காரணம் எளிது. அவர்கள் செய்வதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் எல்லை தாண்டுகிறது. மீதியை அவர்களே குடித்துவிடுகிறார்கள். அது போதாமல், தாங்கள் குடிப்பதில் பாதிக்கு மேல் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயினிலிருந்து தருவித்துக்கொள்கிறார்கள். நாடு முழுக்கச் சேர்த்தால் திராட்சை நிலம் சுமார் 14,600 ஹெக்டேர், அதாவது 36,000 ஏக்கர். பிரான்சின் போர்டோ வட்டாரம் ஒன்றே இதைப்போல ஆறு மடங்கு இருக்கும்.

இந்த 36,000 ஏக்கரில் பெரும்பகுதி குடும்பங்களின் கையில், துண்டு துண்டாக இருக்கிறது. அவர்களுடைய பாட்டிலில் 'கையால் பறித்தது', 'தலைமுறை தலைமுறையாக' என்றெல்லாம் அச்சடித்திருப்பதைப் பார்த்தால் விளம்பர வாசனைதான் முதலில் அடிக்கும். எனக்கும் அடித்தது. ஆனால் அந்தச் சரிவுகளின் கோணத்தையும் அந்த நாட்டு நிலச் சட்டத்தையும் பார்த்தபிறகு வேறு மாதிரி தோன்றியது. தோட்டத்தில் அவர்கள் கையால் வேலை செய்வதற்குப் பெரும்பாலும் காரணம், வேறு வழி இல்லை என்பதுதான். இப்படிச் செய்யலாமா அப்படிச் செய்யலாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி எல்லாம் திராட்சை, ஒயின் செய்யும் நிலவறைக்குள் போனபின்தான் வருகிறது.

சுவரைக் காப்பாற்றும் வேலை

ஜெனீவா ஏரி என்றும் அழைக்கப்படும் லெமான் ஏரியின் வடகரையில், லொசான் நகரின் கிழக்கு எல்லையிலிருந்து ஷியோன் கோட்டை வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு ஒரு சரிவு நீள்கிறது. பெயர் லாவோ. ரயிலில் போகும்போது ஒரு சன்னலில் ஏரி தெரியும், எதிர்ச் சன்னலில் சுவர் தெரியும். சுவருக்கு மேல் நாலைந்து வரிசை கொடி, அதற்கு மேல் இன்னொரு சுவர், மறுபடி கொடி, மறுபடி சுவர். மலை உச்சியை நோக்கிப் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சிய மடத்துத் துறவிகள் காட்டை வெட்டிப் படிகளை அமைக்கத் தொடங்கினார்கள் என்பது வரலாறு. 2007இல் யுனெஸ்கோ இந்தச் சரிவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே மூன்று சூரியன் உண்டு என்று சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் ஒப்பிக்கும். வானத்துச் சூரியன் ஒன்று, ஏரி நீரில் பட்டுத் திரும்பும் வெயில் இரண்டு, பகலெல்லாம் சூடேறி இரவில் வெப்பத்தை விடும் கல்சுவர் மூன்று. கேட்டுக் கேட்டுப் புளித்த கதைதான், ஆனால் அதில் உண்மை இருக்கிறது. இலையுதிர்காலக் குளிரில் பழம் முழுசாகப் பழுப்பதற்கு அந்தக் கூடுதல் சூடு உதவுகிறது.

கையேடுகள் சொல்லாதது மண்ணின் கதை. மழை பெய்தால் மண் கீழே இறங்கும். சரிவில் வேறென்ன நடக்கும்? துண்டின் அடியில் சேர்ந்த மண்ணை முதுகுக்கூடையில் அள்ளி மறுபடி உச்சியில் கொண்டுபோய்க் கொட்டுவது இங்கே தலைமுறைகளாக நடந்த வேலை. ஒரு கூடை ஏறினால் அடுத்த கூடை. திராட்சைக்காரர் வருஷத்தில் ஒரு பகுதியை மண் சுமப்பதிலேயே கழித்திருக்கிறார். இன்று ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் குட்டி வண்டிகள் அந்தச் சுமையைக் குறைத்திருக்கின்றன. மருந்தடிக்க ஹெலிகாப்டர் வந்தது, இப்போது ட்ரோனும் வந்துவிட்டது. ஆனால் வரிசைக்கு நடுவே டிராக்டர் போக இடமில்லை, அறுவடை இயந்திரம் சரிவில் நிற்காது. கவாத்து, கட்டு, இலை கிள்ளல், பறிப்பு எல்லாமே மனுஷர் வேலை. சமதளத்தில் இயந்திரம் ஓட்டுகிறவருக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இங்கே ஆகும். ஐரோப்பாவிலேயே கூலி அதிகமான நாடுகளில் ஒன்றில் இப்படி ஒரு பிழைப்பு.

பக்கத்து வாலே மாநிலத்தில் கதை இன்னும் செங்குத்து. நாட்டின் திராட்சையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில். இருபுறமும் உயர்ந்த மலைகள் மேகத்தைத் தடுத்துவிடுவதால் நாட்டிலேயே வறண்ட பகுதி அது. பனிமலையிலிருந்து தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டுவர, பாறை விளிம்பில் தொங்குவதுபோல வெட்டிய பழைய வாய்க்கால்கள் உண்டு. பீஸ் என்று பெயர். சுவர்களில் பலவும் காரை பூசாமல் கல்லின்மேல் கல் பொருத்தி நிறுத்தியவை. எல்லாச் சுவரையும் சேர்த்து நீட்டினால் சுமார் 3,000 கிலோமீட்டர் என்கிறார்கள். ஃபிஸ்பர்டெர்மினன் ஊரில் தோட்டங்கள் கிட்டத்தட்ட 1,150 மீட்டர் உயரம்வரை ஏறுகின்றன. ஐரோப்பாவின் மிக உயரமான திராட்சைத் தோட்டங்களில் அதுவும் ஒன்று.

இப்படி ஒரு சுவரில் வயிறு தள்ளினால், அதைப் பிரித்துக் கட்டும் செலவு அந்தத் துண்டில் பல வருஷம் வரும் வருமானத்தைத் தின்றுவிடும். அரசு மானியம் கொஞ்சம் தாங்குகிறது. மீதியைத் தாங்குவது, அந்தச் சுவரைத் தாத்தா கட்டினார் என்ற நினைப்புதான். கணக்குப் பார்க்கும் கம்பெனி எதுவும் அந்தச் சுவரை வாங்காது.

நிலம் ஏன் குடும்பத்தை விட்டுப் போகவில்லை

கம்பெனி நினைத்தாலும் லேசில் வாங்கிவிட முடியாது என்பது அடுத்த சங்கதி. 1994இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் விவசாய நிலச் சட்டம், பொதுவாக விவசாய நிலத்தைத் தானே உழைத்துப் பயிரிடுகிறவருக்குத்தான் விற்கலாம் என்கிறது. இன்னொரு விதி இதைவிட முக்கியம். பண்ணையை எடுத்து நடத்த ஒரு பிள்ளை முன்வந்தால், பாகப்பிரிவினையில் அதைச் சந்தை விலைக்கு மதிப்பிட மாட்டார்கள். அந்த நிலம் எவ்வளவு வருமானம் தரும் என்ற கணக்கில், மிகக் குறைவாக மதிப்பிடுவார்கள். கூடப் பிறந்தவர்களுக்குப் பங்கு கொடுத்தே பண்ணை கடனில் மூழ்குவது இதனால் தவிர்க்கப்படுகிறது. லெமான் ஏரியைப் பார்த்த மனையின் விலையை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் பலம் புரியும்.

லாவோவில் இதற்கு மேலும் ஒரு பூட்டு இருக்கிறது. 1970களில் சரிவெங்கும் பங்களா முளைக்கும் அபாயம் வந்தபோது, சுற்றுச்சூழல் போராளி ஃபிரான்ஸ் வேபர் கையெழுத்து இயக்கம் நடத்தினார். 1977இல், லாவோ இருக்கும் வோ மாநிலத்தின் மக்கள் வாக்களித்து அந்தத் தோட்டங்களில் வீடு கட்டுவதைத் தடுத்தார்கள். ஏரிக்கரையில் இன்றும் திராட்சை இருப்பதற்குத் துறவிகளுக்கு எவ்வளவு நன்றி சொல்கிறோமோ, அந்த வாக்காளர்களுக்கும் அவ்வளவு சொல்ல வேண்டும்.

வாலேயில் நிலைமை எதிர்மாறு. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரித்துப் பிரித்து, அறையளவு துண்டுகள்கூட உண்டு. ஆசிரியராகவோ தபால்காரராகவோ வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் கொடியைக் கவனிப்பவர்கள் அங்கே நிறையப் பேர். பழத்தை ஒயின் செய்பவருக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ கொடுத்துவிடுவார்கள்.

ஒரு வருஷத்தின் வேலை

பனி உருகாத ஜனவரியிலேயே கவாத்து தொடங்கிவிடும். எந்தக் கிளையை விட்டுவைப்பது, எதை வெட்டுவது என்று ஒவ்வொரு கொடியின் முன்னும் நின்று முடிவெடுக்க வேண்டும். ஏப்ரலில் துளிர் விட்டதும் பயம் தொடங்கும். தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால் உறைபனி. 2017 ஏப்ரலில் அப்படி ஒரே வாரத்தில் நாட்டின் பல தோட்டங்களில் துளிர் கருகியது. அந்த மாதிரி இரவுகளில் வரிசைகளுக்கு நடுவே வாளி வாளியாக மெழுகு கொளுத்தி வைத்துவிட்டு, குடும்பமே விடியும்வரை தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து எடுத்த படங்களில் கார்த்திகை தீபம் மாதிரி அழகாகத்தான் இருக்கும். நிற்கிறவர்களுக்கு அந்த அழகு தெரியாது.

கோடையில் நோய். இலையின் அடியில் வெள்ளையாகப் பூக்கும் அடிச்சாம்பல் நோய்தான் பெரிய எதிரி. அதற்கு இயற்கைமுறைத் தோட்டக்காரர்களும் தெளிப்பது தாமிரமருந்து. நம் ஊர் வெற்றிலைக் கொடிக்கால் வரை வந்துசேர்ந்த போர்டோக் கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும், பிறந்தது ஐரோப்பியத் திராட்சைத் தோட்டத்தில்தான். பெயரிலேயே ஊர் இருக்கிறது. 2013இல் சுவிஸ் அரசின் ஆய்வு நிலையமான அக்ரோஸ்கோப், இந்த நோயைத் தாங்கும் திவிக்கோ என்ற சிவப்பு ரகத்தை வெளியிட்டது. மருந்தைக் குறைக்க விரும்பும் இளைய தலைமுறை அதை நட்டுப் பார்க்கிறது. பழைய ரகங்களில் பழகிய வாடிக்கையாளர் வாங்குவாரா என்ற தயக்கமும் இருக்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் வெளியாட்களுக்குப் புரியாத ஒரு வேலை நடக்கும். நன்றாகக் காய்த்திருக்கும் பச்சைக் குலைகளை வெட்டிக் கீழே போடுவார்கள். ஒரு காலத்தில் இப்படி யாரும் செய்யவில்லை. 1982, 1983 ஆகிய இரண்டு வருஷமும் விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டி, நிலவறைகள் நிரம்பி வழிந்து, விலை சரிந்தது. அதற்கப்புறம்தான் அளவுக்கு வரம்பு வந்தது. இன்று தரச் சான்றுள்ள ஒயினுக்கு ஒரு சதுர மீட்டரில் வெள்ளை ரகமானால் 1.4 கிலோ, சிவப்பானால் 1.2 கிலோ, அவ்வளவுதான் உச்சம். மாநிலங்கள் இதற்கும் கீழே வரம்பு வைக்கலாம். நல்ல பெயர் வாங்க நினைக்கும் குடும்பங்கள் தாமாகவே இன்னும் குறைத்துக்கொள்கின்றன. கொடியில் குலை குறைந்தால் இருக்கிற குலையில் சாறு செறிவாகும்.

அப்புறம் பறவைக்கு வலை. செப்டம்பரில், கையடக்கக் கருவியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்துச் சர்க்கரையை அளப்பார்கள். கருவி என்ன சொன்னாலும் கடைசியில் ஒரு பழத்தை வாயில் போட்டு, விதையைக் கடித்துப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். விதை பச்சைக் கசப்பு கசந்தால் இன்னும் நாலு நாள் ஆகட்டும் என்று அர்த்தம்.

நிலவறைக்குள்

வோ மாநிலத்தின் உயிர் ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை. வாலேயில் இதன் ஒயினுக்கு ஃபாந்தான் என்று பெயர். மரபணுச் சோதனைகள் இதன் பிறப்பிடமாக லெமான் ஏரிச் சுற்றுப்புறத்தையே காட்டுகின்றன. மற்ற நாடுகளில் இதைப் பெரும்பாலும் சாப்பிடும் பழமாகத்தான் மதிக்கிறார்கள். ஒயினுக்கு இது மந்தம், மணமில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. முழுக்கப் பொய்யும் இல்லை. ஷாஸ்லாவில் பழ வாசனை குப்பென்று அடிக்காது. அதனாலேயே செய்கிறவரின் கை அதில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மறைத்துக்கொள்ள மசாலா இல்லாத ரசம் மாதிரி.

பிழிந்த சாற்றை ஓர் இரவு தெளியவிட்டு நொதிக்க வைப்பார்கள். முதல் கேள்வி ஈஸ்ட். பாக்கெட்டில் வரும் ஈஸ்டைப் போட்டால் வேலை நேரத்துக்கு முடியும், விளைவு முன்கூட்டியே தெரியும். பழத்தோலிலும் நிலவறையிலும் தானாக இருக்கும் ஈஸ்டை நம்பினால் சுவையில் அடுக்கு கூடலாம், நடுவழியில் நொதித்தல் நின்றும் போகலாம். லட்சக்கணக்கான லிட்டர் தொட்டி வைத்திருக்கும் ஆலை இந்தச் சூதாட்டம் ஆடாது. பத்துப் பதினைந்து பீப்பாய் வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஆடலாம். தினமும் காலையில் ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேட்கவும், முகர்ந்து பார்க்கவும், ருசிக்கவும் அவரால் முடியும். ஒன்று கெட்டால் அந்த வருஷ வரவில் பெரிய துண்டு போச்சு என்பதும் அவருக்குத் தெரியும். கைவினை என்று சொல்வதன் முழு அர்த்தம் எனக்கு இங்கேதான் புரிகிறது.

அடுத்தது இரண்டாம் நொதித்தல். சில பாக்டீரியாக்கள் சாற்றின் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். பல நாட்டு வெள்ளை ஒயின்களில் புளிப்பு குறையக்கூடாதென்று இதைத் தடுத்துவிடுவார்கள். சுவிஸ்காரர்கள் ஷாஸ்லாவில் பெரும்பாலும் நடக்கவிடுகிறார்கள். அதனால்தான் அந்த ஒயினுக்கு நாக்கில் ஒரு வழவழப்பு. வெயில் கூடி அமிலம் தானாகவே குறையும் வருஷங்களில், தடுக்கலாமா என்று இப்போது யோசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

நொதித்து முடிந்ததும் செத்த ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படியும். அந்த மண்டியின் மேலேயே ஒயினை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் வாயில் அதன் சுவை கனமாகும். பிறகு தெளிந்ததை மட்டும் மேலாக இறுத்து எடுப்பார்கள். தெளிந்த மதுவுக்குத் தமிழில் தேறல் என்று ஒரு பழஞ்சொல் உண்டு. தேறுவது என்றால் தெளிவது. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது என்று நினைக்கிறேன். நியூஷாத்தெல் மாநிலத்தில் தெளியக்கூட விடாமல், கலங்கலாகவே பாட்டிலில் அடைத்து, ஜனவரி மூன்றாம் புதன்கிழமை வெளியிடுவார்கள். புது வருஷத்தின் முதல் ஒயின் அது.

மூடி விஷயத்தில் சுவிஸ்காரர்களுக்குப் பழைமைப் பிடிவாதம் இல்லை. மென்மையான ஷாஸ்லாவில் கெட்ட தக்கையின் பூஞ்சை நாற்றம் உடனே தெரிந்துவிடும் என்பதால், 1970களிலேயே திருகு மூடிக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். மரபு மரபு என்று பேசும் பல நாடுகளுக்கு அந்தத் துணிச்சல் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது.

இரண்டு வீடுகள்

எல்லாரும் ஒரே மாதிரி செய்வதில்லை. நாட்டின் கிழக்கே, கிராவ்புண்டன் மாநிலத்தின் ஃப்ளேஷ் என்ற சின்னக் கிராமத்தில் மார்த்தா, டேனியல் கான்டன்பைன் தம்பதி 1982 முதல் ஒயின் செய்கிறார்கள். நிலம் 6 ஹெக்டேர், ஏறக்குறைய 15 ஏக்கர். பெரும்பகுதி பினோ நுவார் என்ற சிவப்பு ரகம், கொஞ்சம் ஷார்டொனே என்ற வெள்ளை ரகம். ஆல்ப்ஸிலிருந்து இறங்கும் ஃபோன் என்ற வெப்பக்காற்றை அங்கே 'திராட்சை சமைக்கும் காற்று' என்பார்கள். அது வீசும் அக்டோபர் நாட்களில் பழம் கிடுகிடுவென்று பழுக்கும். பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தைக் குருவாகக் கொண்டு, ரகத்தைக் குறைத்து, விளைச்சலைக் குறைத்து, இரண்டு மூன்று ஒயினிலேயே முழுக் கவனத்தையும் வைத்தார்கள். இன்று அவர்கள் பினோ நுவார், வெளிநாட்டு ஒயின் ரசிகர்கள் பெயர் சொல்லித் தேடும் வெகுசில சுவிஸ் ஒயின்களில் ஒன்று.

2006இல் அவர்கள் கட்டிய நொதிப்புக் கூடத்தின் செங்கல் சுவரை அடுக்கியது ஒரு ரோபோ. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுமார் 20,000 செங்கற்களை, ஒவ்வொன்றையும் ஒரு கணக்கான கோணத்தில் திருப்பி வைத்து அடுக்கினார்கள். தள்ளி நின்று பார்த்தால் கூடை நிறையத் திராட்சை உருண்டிருப்பது போலத் தெரியும். செங்கல் இடுக்கு வழியே மெல்லிய வெளிச்சம் உள்ளே வரும். திராட்சையைக் கையால் தேர்கிறவர்கள் சுவரை ரோபோவிடம் விட்டதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முரண் ஒன்றும் இல்லை. கை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

இன்னொரு வீடு வாலேயின் ஃபுல்லி ஊரில். மரி-தெரேஸ் ஷப்பா 1997 முதல் பயோடைனமிக் முறைக்கு மாறியவர். ருடால்ஃப் ஸ்டைனர் 1924இல் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து பிறந்த முறை அது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைத்து, எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பது, நிலவின் நிலையைப் பார்த்து வேலைக்கு நாள் குறிப்பது எல்லாம் அதில் உண்டு. கொம்பும் நிலவும் தனியாக என்ன செய்கின்றன என்பதற்கு அறிவியல் ஆதாரம் பலமாக இல்லை. ஆனால் அந்த முறையைக் கடைப்பிடிக்கிறவர் கொடிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, களைக்கொல்லியைத் தொடுவதில்லை, மண்ணில் உயிர் இருக்கிறதா என்று கிளறிப் பார்க்கிறார். பலன் அங்கிருந்து வருகிறது என்பது என் ஊகம். பெத்தீத் ஆர்வின் என்ற வாலே ரகத்தைக் கொடியிலேயே வற்றவிட்டு அவர் செய்யும் இனிப்பு ஒயின், அந்த நாட்டின் உச்சங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. விழுங்கியபின் நாக்கில் உப்பு தொட்ட மாதிரி நிற்கும் சுவை அந்த ரகத்துக்கே உரியது.

இந்த இரண்டு வீடுகளுக்கு விற்பனைக் கவலை குறைவு. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. 2001இல் வெள்ளை ஒயின் இறக்குமதிக்கு இருந்த தனிக் கட்டுப்பாடு போய், சிவப்புக்கும் வெள்ளைக்கும் சேர்த்து வருஷத்துக்கு 17 கோடி லிட்டர் வரை குறைந்த வரியில் வரலாம் என்றானது. விலையில் போட்டி போட முடியாது என்று அன்றே தெரிந்துபோயிற்று. அதனால் வீட்டு வாசலிலேயே விற்கிறார்கள். மே மாதத்தில் நிலவறையைத் திறந்துவிடுவார்கள். வாடிக்கையாளர் குடும்பத்தோடு வந்து ருசி பார்த்து, பன்னிரண்டு பாட்டில் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். இயற்கை கைவிட்டால் அந்த வாசலிலும் விற்க ஒன்றும் இராது. 2021இல் உறைபனி, ஆலங்கட்டி மழை, அடிச்சாம்பல் நோய் மூன்றும் வரிசையாக வந்து, நாட்டின் மொத்த ஒயின் 6.1 கோடி லிட்டராகச் சுருங்கியது. 1957க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. வழக்கமான வருஷத்தில் 10 கோடி லிட்டரை ஒட்டி இருக்கும்.

விற்பனைக்கே வராத ஒரு ஒயினும் அந்த நாட்டில் இருக்கிறது. வாலேயின் அனிவியே பள்ளத்தாக்கு மக்கள் முன்பு வசந்தத்தில் குடும்பத்தோடு, மாடுகளோடு கீழே சியேர் ஊருக்கு இறங்கிக் கொடி வேலை பார்த்துவிட்டு மறுபடி மலையேறுவார்கள். செய்த ஒயினை மேலே கொண்டுபோய் லார்ச் மரப் பீப்பாயில் வைப்பார்கள். பனியாற்று ஒயின் என்று பெயர். பீப்பாயை ஒருபோதும் காலி செய்வதில்லை. குடித்த அளவுக்குப் புதுசை ஊற்றி நிரப்புவார்கள், பழசின் மேல் புதுசு, அதன் மேல் அடுத்த வருஷத்துப் புதுசு. கிரிமான் கிராமத்தின் பொது வீட்டு நிலவறையில் ஆயரின் பீப்பாய் என்று ஒன்று 1886 முதல் இப்படியே நிறைந்து நிற்கிறது. அதைப் பாட்டிலில் அடைப்பதில்லை. குடிக்க வேண்டுமானால் மலையேறி அங்கேயே போக வேண்டும், ஊர்க்காரர் யாராவது பார்த்துக் குழாயைத் திறக்க வேண்டும்.